அண்ணனின் பந்து தங்கையின் இடக்கைக்கு வருமா?

பௌலிங் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது டென்பின் பௌலிங். 60 அடி நீளமுள்ள வழவழப்பான தடத்தில் கனமான பந்தை உருட்டிவிட்டு, கோடியில் நிற்கும் பத்துப் பின்களை, அதாவது புட்டி வடிவக் கட்டைகளை, சாய்க்கிற ஆட்டம். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ எட்டரை அங்குலம். எடை அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ.

இந்த ஆட்டம் ஆடும் வீடுகளில் ஒரு கேள்வி எப்படியும் ஒரு நாள் வந்துவிடும். அண்ணன் வலக்கைக்காரர். அவர் மூன்று நான்கு வருடம் ஆடிய பந்து ஒன்று பையோடு மூலையில் கிடக்கிறது. தங்கைக்கு இப்போது ஆசை வந்திருக்கிறது, அவளோ இடக்கைக்காரி. உருண்டைதானே, எந்தக் கையால் உருட்டினால் என்ன என்று எடுத்துப் பார்க்கிறாள். விரல்கள் நுழைகின்றன, ஆனாலும் பிடி சரியாக அமையவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம் இறுக்குகிறது, மோதிரவிரல் எட்டமாட்டேன் என்கிறது.

இதற்குப் பதில் சொல்ல ஒரு விஷயத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் புதுப் பந்தில் துளையே இருக்காது. முழு உருண்டையாகத்தான் வரும். வாங்குபவரின் கையை அளந்து, ப்ரோ ஷாப் எனப்படும் கடையில் துளை போட்டுக் கொடுப்பார்கள். ஆக, பந்து பிறக்கும்போது அதற்கு வலக்கையும் கிடையாது, இடக்கையும் கிடையாது. துளை போட்ட பிறகுதான் அது ஒருவருடைய கைக்குச் சொந்தமாகிறது. அப்படியானால் பழைய துளைகளை அடைத்து வேறு துளை போட்டால் இன்னொரு கைக்குச் சொந்தமாகிவிடும் அல்லவா? ஆகிவிடும். ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் துளைகள் கையை எப்படிக் காட்டிக்கொடுக்கின்றன என்று பார்ப்போம். கட்டைவிரல் துளை உங்கள் பக்கமும் மற்ற இரண்டும் மேலேயும் இருக்கும்படி பந்தை வையுங்கள். வலக்கைக்காரருக்கு மேலே இடப்பக்கம் இருப்பது நடுவிரல், வலப்பக்கம் இருப்பது மோதிரவிரல். இடக்கைக்காரருக்கு இது அப்படியே மாறும். கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்பு வரையுள்ள தூரத்துக்கு ஸ்பான் என்று பெயர். நடுவிரலுக்கு ஒரு ஸ்பான், மோதிரவிரலுக்கு ஒரு ஸ்பான். பலருக்கு இவை 1/16 அல்லது 1/8 அங்குலம் வேறுபடும். கேட்க அற்ப அளவுதான். ஆனால் ஆறேழு கிலோ தொங்கும் விரலுக்கு அது அற்பமில்லை. ஸ்பான் கூடுதலாக இருந்தால் தசைநார் இழுபடும், குறைவாக இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் தோல் உரியும், வீச்சும் கெடும்.

இன்னொன்று துளையின் சாய்வு. இதைப் பிட்ச் என்கிறார்கள். துளை பந்தின் நட்ட நடு மையத்தைப் பார்த்து இறங்காமல் முன்னேயோ பின்னேயோ பக்கவாட்டிலோ கொஞ்சம் தள்ளி இறங்கும். நம் கட்டைவிரல் உள்ளங்கையிலிருந்து எந்தக் கோணத்தில் மடங்குகிறதோ அதற்கேற்ப இது அமைகிறது. அண்ணனுக்காக ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட துளை தங்கையின் இடக்கட்டைவிரலுக்குத் தப்பான பக்கம் சாய்ந்திருக்கும். அவள் பிடித்துப் பார்த்தபோது இறுக்கியது இதுதான்.

அரங்குகளில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகளை, அதாவது ஹவுஸ் பால்களை, இரண்டு கைக்காரர்களும் எடுத்து ஆடுகிறார்களே என்று கேட்கலாம். அவற்றில் விரல்கள் இரண்டாவது கணு வரை உள்ளே போகும் கன்வென்ஷனல் பிடி இருக்கும். பக்கச் சாய்வு இல்லாமல், இரண்டு ஸ்பானும் சமமாக, யாருடைய கைக்கும் முழுதாகப் பொருந்தாமல், எல்லோருக்கும் ஓரளவு பொருந்தும்படி போட்டிருப்பார்கள். சொந்தப் பந்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஃபிங்கர்டிப் பிடிக்கு மாறிவிடுவார்கள். அதில் விரல் முதல் கணு வரைதான் நுழையும். கட்டைவிரல் முதலில் வெளியே வந்துவிடும், விரல் நுனிகள் கடைசி நொடியில் பந்தைச் சுழற்றிவிடும். அந்தச் சுழற்சியால்தான் பந்து கடைசியில் வளைந்து பின்களுக்குள் பாய்கிறது.

தெரியாதவரிடம் பழைய பந்து வாங்கப் போகிறீர்கள், அது எந்தக் கைக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. துளை அளவுகளை விடுங்கள், கீறல்களைப் பாருங்கள். பந்து தடத்தில் உருளும்போது முழு மேனியும் தரையைத் தொடுவதில்லை. ஒரு வளையப் பகுதிதான் திரும்பத் திரும்பத் தொடும். அங்கே மட்டும் நுண்ணிய கீறல்களும் எண்ணெய்க் கறையும் சேர்ந்திருக்கும். இதற்கு டிராக் என்று பெயர். வலக்கைக்காரரின் டிராக் துளைகளுக்கு இடப்பக்கம் இருக்கும், இடக்கைக்காரரின் டிராக் வலப்பக்கம். என் அனுபவத்தில் இது பொய் சொல்வதில்லை.

சரி, இனி பந்தின் உள்ளே போவோம். மாற்றுவேலை எளிதா, கடினமா, வேண்டாத வேலையா என்பதை உள்ளே இருப்பதுதான் தீர்மானிக்கிறது.

பந்தின் மேல்தோலுக்குக் கவர்ஸ்டாக் என்று பெயர். உள்ளே கோர் என்ற கனமான கட்டி இருக்கும். அதன் உச்சி எங்கே இருக்கிறது என்று காட்ட, மேல்தோலில் வேறு நிறத்தில் சிறு வட்டப் புள்ளி ஒன்று தெரியும். அதைப் பின் என்றுதான் ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். தடத்தின் கோடியில் நிற்கும் பின்களோடு குழம்பாமல் இருக்க, நான் இதைப் பின்புள்ளி என்று எழுதுகிறேன்.

இனி அச்சு. பூமி தன் அச்சில் சுழல்வதுபோல் பந்தும் ஓர் அச்சில் சுழன்றுகொண்டே போகிறது. கையை விட்டதும் அந்த அச்சின் ஒரு முனை பந்தின் மேல்தோலில் எங்கே வருகிறதோ, அதற்கு பாசிட்டிவ் ஆக்சிஸ் பாயின்ட் என்று பெயர். அச்சுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். வலக்கைக்காரருக்கு இது பிடியின் நடுவிலிருந்து வலப்பக்கம் விழும், பலருக்கு ஏறத்தாழ 5 அங்குலம் தள்ளி. இடக்கைக்காரருக்கு அதே தூரம் இடப்பக்கம். அச்சுப்புள்ளியைத் துருவம் என்று நினைத்தால், டிராக் அதைச் சுற்றியிருக்கும் ஓர் அட்சக்கோடு. துருவம் வலப்பக்கம் என்றால் டிராக் ஏன் இடப்பக்கம் விழுகிறது என்பது இப்போது புரியும்.

அச்சுப்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பதுதான் பந்தின் குணத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம். அதில் கால் பங்கு 6¾. அதிலும் பாதி 3⅜. பின்புள்ளி அச்சுப்புள்ளியிலிருந்து 3⅜ அங்குலத்தில் இருந்தால் உருளும்போது அச்சு மிக அதிகமாக நகரும், ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புதுப் பகுதி ஒன்று தரையைத் தொடும். தடத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பார்கள் அல்லவா? எண்ணெய் படாத புதுப் பகுதி தொடத் தொடப் பிடிமானம் கூடும், வளைவும் கூடும். டிராக் இப்படி விசிறிபோல் விரிவதை ஃபிளேர் என்பார்கள். பின்புள்ளி அச்சின் மேலேயே உட்கார்ந்தாலோ 6¾ அங்குலம் தள்ளிப் போனாலோ ஃபிளேர் மிகக் குறைவு.

இப்போது தங்கையின் கதைக்கு வருவோம். அண்ணனின் பந்தில் பின்புள்ளி மோதிரவிரலுக்கு மேலே வலப்பக்கம் இருக்கிறது. அவருடைய அச்சுப்புள்ளியிலிருந்து சுமார் 4 அங்குலம், நல்ல வளைவு தரும் இடம். அதே துளைகளில் தங்கை இடக்கையை நுழைத்து ஆடினால் அவளுடைய அச்சுப்புள்ளி எதிர்ப்பக்கம் போய்விடும். பின்புள்ளி அதிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். அண்ணன் கையில் வளைந்து பாய்ந்த பந்து அவள் கையில் மந்தமாகப் போகும். பந்து செத்துவிட்டது என்று அவள் நினைப்பாள். பந்தின் மேல் தப்பில்லை, அது இன்னும் அண்ணனின் கையைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே வேண்டியது கண்ணாடிப் பிம்பம். அண்ணனின் பிடியைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி, பின்புள்ளிக்கு மறுபக்கத்தில் புதுப் பிடியை வரைய வேண்டும். அண்ணனின் துளைகள் பின்புள்ளிக்குக் கீழே இடப்பக்கம் இருந்தால், தங்கையின் துளைகள் கீழே வலப்பக்கம் வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. புதுப் பிடி வலப்பக்கம் போனதால், அடைக்கப்பட்ட பழைய துளைகள் அதற்கு இடப்பக்கம் வந்துவிடுகின்றன. தங்கையின் அச்சுப்புள்ளியும் இடப்பக்கம், அவளுடைய டிராக்கோ வலப்பக்கம். அதாவது பழைய துளைகளின் தழும்புகள் துருவத்தின் அருகே போய் ஒதுங்கிவிடும், தரையையே தொடாது. பின்புள்ளி அண்ணனின் பிடியின் நடுக்கோட்டிலிருந்து 2 அங்குலம் வலப்பக்கம் இருந்தது என்று வைத்துக்கொண்டால், பழைய நடுக்கோட்டுக்கும் புதியதற்கும் இடையே 4 அங்குலம் கிடைக்கும். துளைகள் ஒன்றோடொன்று மோதாது.

பின்புள்ளி அரை அங்குலம் மட்டுமே தள்ளியிருந்தால் கதை வேறு. இரண்டு நடுக்கோடுகளுக்கும் இடையே ஓர் அங்குலம்தான். பழைய துளையின் மேல் பாதியும் வெளியே பாதியுமாகப் புதுத் துளை இறங்கும். இடையில் மெல்லிய சுவர் மிஞ்சும், அங்கேதான் விரிசல் விடும். நேராக நடுக்கோட்டின் மேலேயே பின்புள்ளி இருந்தால் புதுத் துளைகள் கிட்டத்தட்டப் பழையவற்றின் மேலேயே விழும். முழுவதும் அடைத்த பொருளுக்குள்ளேயே துளைப்பது பாதிக்குப் பாதி துளைப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

நெருக்கடியான இடத்திலும் ஒரு வழி உண்டு, கோர் அனுமதித்தால். கோர்களில் இரண்டு வகை. பம்பரம்போல் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருப்பது சமச்சீர் கோர். அந்தப் பந்தில் பின்புள்ளியை ஒரு முளை என்று நினையுங்கள். முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குள் எந்தப் பக்கமும் போய் நிற்கலாம். அதேபோல் பின்புள்ளியிலிருந்து உரிய தூரம் கலையாமல், சுற்றிலும் எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் புதுப் பிடியை நகர்த்தலாம். பழைய துளை இல்லாத பச்சை இடமாகப் பார்த்துத் துளைக்கலாம். பந்தின் பக்கங்களுக்கிடையே உள்ள எடை வேறுபாடு மட்டும் போட்டி விதிக்குள் நிற்க வேண்டும்.

சமச்சீரற்ற கோர் இப்படி இடம் கொடுக்காது. அதில் பின்புள்ளியோடு, கோர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டும் மாஸ் பயஸ் என்ற இன்னொரு குறியும் இருக்கும். இரண்டு முளையிலும் கட்டிய மாட்டுக்கு நகர ஏது இடம்? கண்ணாடிப் பிம்ப இடம் ஒன்று நிச்சயம் உண்டு, ஆனால் அது பழைய துளைகளோடு மோதினால் விலகிப் போக வழி குறைவு. முதல் பந்து தேடும் இடக்கைக்காரருக்கு நான் சொல்வது இதுதான்: பழைய பந்துதான் என்றால் சமச்சீர் கோர் உள்ளதைத் தேடுங்கள்.

துளை அடைக்கும் வேலை எப்படி நடக்கிறது? முதலில் விரல் துளைகளில் ஒட்டியிருக்கும் ரப்பர் உறைகளான இன்சர்ட்டுகளையும், கட்டைவிரல் துளையில் பொருத்திய பிளாஸ்டிக் உருளையான ஸ்லக்கையும் எடுத்துவிடுவார்கள். துளையைச் சுத்தம் செய்து, விளிம்பைச் சுற்றி டேப்பால் சிறு கரை கட்டி, இரண்டு திரவங்களைக் கலந்த ரெசினை ஊற்றுவார்கள். காற்றுக்குமிழி தங்கக் கூடாது. ரெசின் நன்றாக இறுகும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்படுத்தினால் பின்னால் குழி விழும். பிறகு துருத்திக்கொண்டிருப்பதை அறுத்து, பந்தைச் சுழற்றும் எந்திரத்தில் வைத்துக் கரகரப்பான தாளில் தொடங்கிப் படிப்படியாக நைஸான தாள் வரை தேய்த்து, தடவினால் விளிம்பு தெரியாதபடி சமன்செய்வார்கள். அதன் பிறகுதான் புதுத் துளை. கண்ணுக்குத் தழும்பு தெரியும். நிறம் சேர்த்து ஊற்றினாலும் கொஞ்சம் தெரியத்தான் செய்யும். ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் கெடாது. ஆனால் அடைத்த ரெசினுக்குக் கவர்ஸ்டாக்கின் பிடிமானம் கிடையாது, அதனால்தான் அது டிராக்கில் வரக் கூடாது என்று இவ்வளவு கவலை.

போட்டிகளில் ஆட நினைப்பவர்கள் விதி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பௌலிங் விதிகளை வகுக்கும் யு.எஸ்.பி.சி. அமைப்பு 2020 ஆகஸ்ட் 1 முதல் பேலன்ஸ் துளைகளுக்குத் தடை விதித்துவிட்டது. முன்பெல்லாம் எடையைச் சரிக்கட்ட, விரல் நுழைக்காத நான்காவது துளை ஒன்றைப் பக்கவாட்டில் போடுவார்கள். பழைய பந்துகள் பலவற்றில் அது இன்னும் இருக்கும். இப்போது பிடிக்கப் பயன்படாத எந்தத் துளையும் இருக்கக் கூடாது. ஆகவே அதையும் சேர்த்து அடைத்தாக வேண்டும். கூலி பேசும்போது மூன்று துளையா நான்கு துளையா என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதே விதிமாற்றம் நமக்கு ஓர் உதவியும் செய்தது: பக்கவாட்டு எடை வேறுபாடு முன்பு 1 அவுன்ஸ் வரைதான் போகலாம், அதை 3 அவுன்ஸ் ஆக்கினார்கள். பிடியை நகர்த்திப் போட நான் சொன்ன சுதந்திரம் இதனால்தான் இவ்வளவு கிடைக்கிறது.

எந்தப் பந்துக்கு இந்தச் செலவு தகும்? மேல்தோலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரியாக்டிவ் ரெசின் பந்துகள் தடத்து எண்ணெயை உறிஞ்சும். அதுதான் அவற்றின் பலம், நாளாக நாளாக அதுவே பலவீனம். நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடிய பந்தின் மேல்தோல் எண்ணெய் ஊறிச் சோர்ந்துபோயிருக்கும். வெந்நீரில் ஊறவைத்து எண்ணெயை வெளியேற்றலாம், மேலே தேய்த்துப் புதுப்பிக்கலாம். ஆனால் கொதிநீர் கூடாது, பந்தில் விரிசல் விட்டுவிடும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டதால் விரிசல் கண்ட பந்துகளும் உண்டு. விரல் துளைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய பாலத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துத் துளைத்த பந்து என்றால் நான் வாங்கமாட்டேன். அடைக்கும் கூலி, துளைக்கும் கூலி, புது இன்சர்ட், ஸ்லக் எல்லாம் சேர்ந்தால், சில சமயம் எளிய ரகப் புதுப் பந்தின் விலையை நெருங்கிவிடும். அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

எடையும் முக்கியம். அடைத்துத் துளைப்பதால் 15 பவுண்டு பந்து 12 பவுண்டு ஆகிவிடாது. அண்ணனின் பந்து தங்கைக்குக் கனம் என்றால் இந்தப் பேச்சே தேவையில்லை, வேறு பந்து பார்க்க வேண்டியதுதான்.

யோசிக்காமல் மாற்றக்கூடிய பந்து ஒன்று உண்டு: பாலியஸ்டர் பந்து, அதாவது சாதாரண பிளாஸ்டிக் பந்து. எண்ணெய் உறிஞ்சாது, அவ்வளவாக வளையாது, ஏறத்தாழ நேராகப் போகும். முதல் வீச்சில் தப்பி நிற்கும் ஒற்றைப் பின்னை அடிக்க அனுபவசாலிகளும் இதைத்தான் எடுப்பார்கள். வலக்கைக்காரருக்குத் தொல்லை தருவது வலது கோடியில் நிற்கும் பத்தாம் எண் பின், இடக்கைக்காரருக்கு இடது கோடியில் நிற்கும் ஏழாம் எண் பின். தடத்தின் குறுக்கே நேராகப் போனால் அதை வீழ்த்துவது எளிது. நேராகப் போகும் பந்தில் பின்புள்ளி எங்கே இருந்தால் என்ன? விரல்கள் சரியாக அமைந்தால் போதும். அண்ணன் தன் பழைய பிளாஸ்டிக் பந்தைக் கொடுத்தால் தங்கை தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

கட்டைவிரலை நுழைக்காமல் இரண்டு கைகளாலும் ஆடும் பாணியும் இப்போது பரவிவருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டே வலக்கைப் பக்கம், சுவீடனின் யெஸ்பர் ஸ்வென்சன் இடக்கைப் பக்கம். அப்படி ஆடியவரின் பந்தில் கட்டைவிரல் துளையே இருக்காது, அடைக்க வேண்டியது இரண்டுதான். இடக்கைக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தில் எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஏர்ல் ஆண்டனியின் பெயரைச் சொல்வேன். 1982-ல் வாழ்நாள் பரிசுத்தொகையில் பத்து லட்சம் டாலரைத் தொட்ட முதல் பௌலர் அவர், இடக்கைக்காரர்.

கடைக்குப் போகும்போது தங்கை தானே நேரில் போக வேண்டும். அண்ணன் பந்தை மட்டும் எடுத்துப்போய் “அப்படியே திருப்பிப் போடுங்கள்” என்றால் அண்ணனின் கையின் பிம்பம்தான் வரும், தங்கையின் கை வராது. அவளுடைய ஸ்பான், விரல் பருமன், கட்டைவிரல் வளையும் விதம் எல்லாம் புதிதாக அளக்க வேண்டும். ஏற்கெனவே கொஞ்சம் ஆடுபவள் என்றால் நாலு முறை உருட்டச் சொல்லி, எண்ணெய் வளையத்தை வைத்து அச்சுப்புள்ளியையும் குறித்துக்கொள்வார்கள். புத்தம் புதியவள் என்றால் சராசரி அளவை வைத்துத் தொடங்குவார்கள், அதிலும் தவறில்லை.

பந்து கைக்கு வந்ததும் முதல் நாள் மெதுவாகவே ஆடட்டும். காலையிலும் மாலையிலும் கட்டைவிரலின் பருமன் ஒரே அளவில் இருக்காது. துளைக்குள் டேப் ஒட்டியோ உரித்தோ சரிசெய்துகொள்ளலாம். உருளும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் டிராக் ஏதோ ஒரு துளையின் மேலேயோ அடைத்த இடத்தின் மேலேயோ ஏறுகிறது என்று அர்த்தம், பந்தோடு கடைக்குத் திரும்பிப் போக வேண்டும். சத்தம் இல்லையென்றால் பந்து திரும்பி வந்ததும், துண்டால் துடைப்பதற்கு முன்பு, கட்டைவிரல் துளையைத் தன் பக்கம் வைத்து ஒரு முறை பார்க்கட்டும். அண்ணனின் பழைய கீறல்கள் அங்கங்கே மங்கலாகத் தெரியும். புது எண்ணெய் வளையம் அவளுடைய துளைகளுக்கு வலப்பக்கம் பளபளத்துக்கொண்டிருக்கும்.